அம்மாவைப் பற்றி ஐந்து சொற்கள்

சின்ன வயதில் அம்மாவுக்கும் உங்களுக்கும் இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை நினைத்துப் பார்க்கலாம், அவசரமில்லை. நான் ஒரு நாள் எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். மூன்று சொற்கள் கேட்டவுடன் வந்துவிட்டன. நான்காவதற்கு ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது சொல்லை எழுதிவிட்டு அடித்தேன்.

ஆனால் அந்த ஐந்து சொற்கள் வெறும் வாசற்படி. கேட்பவர் ஐந்தையும் குறித்துக்கொண்டு முதல் சொல்லுக்குத் திரும்பி வருவார். ‘அன்பானவர்’ என்றீர்களே, அப்படிச் சொல்லத் தோன்றியதற்கு ஒரு சம்பவம், ஒரு ஞாபகம் சொல்ல முடியுமா? அடுத்து இரண்டாவது சொல். பிறகு மூன்றாவது. அம்மா முடிந்தால் அப்பா. சொல் எளிதாக வந்துவிடும். அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிற ஒரு நாளைச் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை.

ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை எவ்வளவு கோர்வையாகச் சொல்கிறார் என்பதை உளவியலாளர்கள் அளக்கும் முறைகளில் மிகவும் ஆழமானது இந்த நேர்காணல் என்று நினைக்கிறேன். ‘அடல்ட் அட்டாச்மென்ட் இன்டர்வியூ’ என்பது இதன் பெயர். நாம் பிணைப்பு நேர்காணல் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பெர்க்லியில், 1980களின் தொடக்கத்தில் பிறந்தது. பெற்றவர்கள் மேரி மெயின் என்ற பேராசிரியையும், அப்போது அவரிடம் படித்த கேரல் ஜார்ஜ், நான்சி கேப்ளான் இருவரும். பெரியவர்களின் பேச்சை அளக்கும் இந்தக் கருவி, ஒரு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்தது என்பதுதான் இதன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மேரி மெயினுக்குக் குழந்தைகள் மேல் ஆராய்ச்சி ஆர்வம் எதுவும் முதலில் இல்லை. அவருக்கு மொழி வேண்டும். மனிதன் எப்படிப் பேசுகிறான், வாக்கியம் எப்படி அமைகிறது என்பதை ஆராய ஆசைப்பட்டவர். 1960களின் கடைசியில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. வழிகாட்டியாக வாய்த்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஆய்வு செய்வதென்றால் வரலாம் என்பது அவருடைய நிபந்தனை. பேச்சை ஆராய வந்தவருக்குப் பேசவே தெரியாத உயிர்கள் ஆய்வுப் பொருளாக வந்து சேர்ந்தன.

எய்ன்ஸ்வொர்த்திடம் அப்போது ஒரு சோதனை இருந்தது. ‘அந்நியச் சூழல்’ என்று அதற்குப் பெயர். பழக்கமில்லாத ஓர் அறை, தரையில் பொம்மைகள், அம்மா, ஒரு வயதுக் குழந்தை. நடுவில் முன்பின் தெரியாத பெண் ஒருவர் வருவார். அம்மா வெளியே போவார், திரும்பி வருவார், மறுபடி போவார், வருவார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இருபது நிமிஷம்தான். பார்க்கிறவர்கள் கூர்ந்து கவனிப்பது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அம்மா திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்பதை. பெரும்பாலான குழந்தைகள் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் தேறி, மறுபடி பொம்மைக்குப் போய்விடும். சில குழந்தைகள் அம்மா வந்ததே தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் சில தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் அழும். என்ன செய்தாலும் ஆறாது.

முகம் திருப்பிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்தால் ‘என்ன சமத்து, அழவேயில்லை’ என்போம். 1977இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். வெளியே அமைதியாகப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு உள்ளே நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பின்னால் மறுபடி வரும்.

1973இல் மெயின் பெர்க்லிக்குப் போனார். அங்கே தானும் குழந்தைகளை அந்த அறையில் வைத்துப் பார்த்தார், அம்மாவோடு ஒரு முறை, அப்பாவோடு ஒரு முறை. அந்தக் குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது குடும்பத்தோடு திரும்ப அழைத்தார்கள். பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார்கள். பெற்றோரைப் பிரிகிற குழந்தைகளின் படங்களைக் காட்டி அந்தக் குழந்தை இப்போது என்ன நினைக்கும் என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஓர் அறையில் இப்படி இருந்த நேரத்தில் பெற்றோர் வேறோர் அறையில் தங்கள் சொந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக ஜார்ஜும் கேப்ளானும் மெயினும் சேர்ந்து எழுதிய கேள்விகள் ஏறக்குறைய இருபது. பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து சொற்களைத் தாண்டி, மனசு கலங்கியபோது என்ன செய்வீர்கள், அடிபட்டபோது யாரிடம் போனீர்கள், முதன்முதலாகப் பெற்றோரைப் பிரிந்தது எப்போது, வேண்டாதவன் என்று தள்ளப்பட்ட மாதிரி உணர்ந்ததுண்டா, யாரையாவது இழந்தீர்களா, அப்பா அம்மா ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள் என்று போகும். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று வேகமாகவே வரும். பேசுகிறவர் முன்கூட்டித் தயாரித்து வைத்திருக்கிற கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதைத் தாண்டி, அவர் எதிர்பாராத இடத்தில் மனதைத் தொட வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு.

பேசியது முழுக்க எழுத்தாக்கப்படும். ‘ம்’, ‘அது வந்து’ எல்லாம் அப்படியே இருக்கும். இலக்கணப் பிழையைத் திருத்தக் கூடாது. நடுவில் விழுந்த மௌனம் எத்தனை விநாடி என்று எண்ணி எழுதவேண்டும். மொழி ஆராய ஆசைப்பட்ட பெண் கடைசியில் மொழியிடமே வந்து சேர்ந்துவிட்டார், பதினைந்து ஆண்டுகள் குழந்தைகள் வழியாகச் சுற்றி.

இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு என்ன தேடுவது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மெயினும் அவருடன் சேர்ந்துகொண்ட ரூத் கோல்ட்வினும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு நேர்காணலை முழுதாகப் படிப்பது. இவருடைய குழந்தை அந்த அறையில் எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது. பிறகு குழந்தையின் பதிவை எடுத்துப் பார்ப்பது. தப்பாகப் போனால் எங்கே தப்பினோம் என்று மறுபடி படிப்பது. எளிதாக ஊகிக்கலாம் என்றுதானே தோன்றும்? சந்தோஷமாக வளர்ந்த அம்மாவின் குழந்தை நன்றாக இருக்கும், அடிபட்டு வளர்ந்தவரின் குழந்தை துன்பப்படும். ஆனால் அந்த வழி இடறிக்கொண்டே இருந்தது. கஷ்டப்பட்டு வளர்ந்த சிலருடைய குழந்தைகள் அம்மாவிடம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. ‘என் குழந்தைப் பருவத்தில் ஒரு குறையும் இல்லை’ என்ற சிலருடைய குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நேர்காணல்கள் ரகசியமானவை. ஆகவே உதாரணத்துக்கு நானே மூன்று பேரை உண்டாக்கிச் சொல்கிறேன்.

முதலாமவர் அம்மாவுக்குக் கொடுத்த சொற்கள் எல்லாம் தங்கம். அன்பு, அக்கறை, பாசம். சம்பவம் கேட்டால், “நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. எல்லா அம்மா மாதிரியும்தான். குறிப்பா ஒண்ணும் ஞாபகம் இல்லை” என்பார். அரை மணி கழித்து, அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போது, “ஒரு தடவை சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டி கிழிஞ்சிருச்சு. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு மூணு நாள் முழுப் பேன்ட் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். அழுதா அவங்களுக்குப் பிடிக்காது” என்பார். அரை மணி முன்னால் தான் சொன்ன ‘அக்கறை’யும் இந்த மூன்று நாளும் ஒன்றோடொன்று முட்டுவது அவர் காதில் விழாது.

இரண்டாமவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்து நிமிஷம் நிற்காது. சின்ன வயசில் ஆரம்பித்துப் போன வாரம் வந்த போனில் போய் நிற்கும். ‘சொன்னார்’ என்பது ‘சொல்றாங்க’ ஆகிவிடும். திடீரென்று எதிரில் இருக்கிறவரை மறந்துவிட்டு, அந்த அறையிலேயே இல்லாத அம்மாவைப் பார்த்து, “உனக்கு எப்பவும் அண்ணன்தானே பெரிசு!” என்பார். கேள்வி எது என்பது கேட்டவருக்கே மறந்துபோகும்.

மூன்றாமவர் கொடுத்த முதல் சொல்லே ‘பயம்’. “அப்பா குடிச்சுட்டு வந்தா வீடே அடங்கிடும். ஒரு ராத்திரி என்னைக் கதவுக்கு வெளியே விட்டுட்டார். அம்மா தைரியசாலின்னு கொஞ்சம் முன்னாடி சொன்னேன்ல, அது முழுசா சரியில்லை. அன்னைக்கு அவங்க எழுந்து வரலை. அவங்களுக்கும் பயம்தான்னு இப்பப் புரியுது. ஆனா எனக்கு எட்டு வயசு. வந்திருக்கணும்.”

முதலாமவரின் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாமவரின் குழந்தை ஆறாமல் அழும் வகை. மூன்றாமவரின் குழந்தை ஓடி வந்து ஒட்டிக்கொண்டு தேறும் வகை. நடந்தது எவ்வளவு நல்லது, எவ்வளவு கெட்டது என்பதிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லுக்கும் சம்பவத்துக்கும் இடையே நூல் ஓடுகிறதா என்பதிலிருந்து முடிந்தது. தமிழில் இதற்குக் கோர்வை என்ற சொல் இருப்பது எனக்குப் பெரிய வசதியாக இருக்கிறது. கோர்ப்பது என்றாலே ஊசியும் நூலும் கண்ணில் வருகின்றன. முதலாமவரிடம் பூ மட்டும் இருக்கிறது, நூல் இல்லை. இரண்டாமவரிடம் நூல் சிக்காகிக் கிடக்கிறது. மூன்றாமவர் கோர்த்துக்கொண்டே வரும்போது ஒரு பூ தப்பான இடத்தில் இருப்பதைக் கண்டு, கழற்றி, சரியான இடத்தில் கோர்க்கிறார். தன் பேச்சைத் தானே நின்று திருத்துவதைக் கோர்வைக் குறைவாக மெயின் எண்ணவில்லை. அதுவே கோர்வையின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். நம் பள்ளிக்கூடங்களில் தடங்கலில்லாமல் ஒப்பிப்பதைத்தான் கோர்வை என்று மெச்சுகிறோம். இந்த இடத்தில் அவர்கள் பார்வை நம்முடையதைவிட நுட்பமானது.

1985இல் மெயின், கேப்ளான், ஜூட் காசிடி மூவரும் எழுதிய கட்டுரையில் 40 குடும்பங்களின் விவரத்தோடு இது உலகத்துக்கு வந்தது. குழந்தையின் நடத்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துறை, மனதுக்குள் இருக்கிற படத்தைப் பேச்சில் பார்க்க முடியும் என்று அப்போதுதான் கண்டுகொண்டது.

கோர்வையை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்கு உதவியவர் பால் கிரைஸ் என்ற தத்துவவாதி. ஆக்ஸ்ஃபோர்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு 1967இல் பெர்க்லிக்கு வந்தவர். இருவர் பேசும்போது ஒருவரையொருவர் நம்பிக் கடைப்பிடிக்கிற சொல்லாத விதிகள் சில உண்டு என்று அவர் 1975இல் வெளியான கட்டுரையில் சொன்னார். உண்மையைச் சொல், ஆதாரம் இல்லாததைச் சொல்லாதே. தேவையான அளவு சொல், குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். கேட்டதற்குப் பொருந்தச் சொல். தெளிவாக, வரிசையாகச் சொல். மெயினின் மதிப்பெண் முறை இந்த நான்கு விதிகளையும் எடுத்துக்கொண்டது. தங்கமான சொற்களுக்கு ஆதாரம் காட்டாதவர் முதல் விதியை மீறுகிறார். ‘ஞாபகம் இல்லை’ என்று கதவைச் சாத்துகிறவரும், பத்து நிமிஷம் நிற்காதவரும் இரண்டாவதை. போன வாரப் போனுக்குத் தாவுகிறவர் மூன்றாவதை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். இதைப் போடக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சி, அதன் பின் நீண்ட தேர்வு. அந்த மதிப்பெண் கையேடு கடையில் கிடைக்கும் புத்தகமாக அச்சிடப்படவே இல்லை. பயிற்சி பெற்றவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகிறது.

இன்னொரு வகையும் பின்னால் பிரிந்தது. இழப்பைப் பற்றியோ பட்ட கொடுமையைப் பற்றியோ பேசும் இடத்தில் மட்டும் சிலருடைய பேச்சு உடைந்துபோகிறது. அதுவரை நன்றாகப் பேசியவர் வாக்கியத்தின் நடுவில் நீண்ட நேரம் மௌனமாகிவிடுவார். செத்துப்போனவர் சாகவில்லை என்பது போன்ற ஒரு வாக்கியம் அவர் அறியாமலே வந்துவிடும். இவர்களுடைய குழந்தைகளில் பலர், அம்மா வரும்போது பாதி வழியில் உறைந்து நிற்கிற குழந்தைகளாக இருந்தார்கள்.

சந்தேகம் வருவது இயல்பு. கோர்வையாகப் பேசுகிறவர் படித்தவராக, நல்ல ஞாபகசக்தி உள்ளவராக இருக்கலாம் அல்லவா? நெதர்லாந்தில் மரியன் பாகர்மன்ஸ்-க்ரானென்பர்க்கும் மரினஸ் வான் ஐசென்டோர்னும் 1993இல் அதைச் சோதித்தார்கள். புத்திக்கூர்மைக்கும், மற்ற விஷயங்களை நினைவில் வைத்திருப்பதற்கும் இந்த மதிப்பெண்ணோடு சம்பந்தம் தெரியவில்லை. வேலை அனுபவத்தைப் பற்றி இதே பாணியில் நேர்காணல் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அம்மாவைப் பற்றிப் பேசும்போது நூல் அறுவதற்கும் வேலையைப் பற்றிப் பேசும் விதத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. சிக்கல் நாக்கில் இல்லை என்று தெரிந்தது.

1992இல் மேரி டோசியரும் ரோஜர் கோபக்கும் செய்தது என்னை நிறுத்தி வைத்த ஆய்வு. கல்லூரி மாணவர்களின் விரலில் மின்வாய்களை வைத்து, வியர்வையால் தோலில் ஏற்படும் மாற்றத்தை நேர்காணல் நடக்கும்போதே அளந்தார்கள். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருந்தது’ என்கிற வகையைச் சேர்ந்தவர்களிடம், பிரிவைப் பற்றியும் பெற்றோர் தள்ளிவைத்ததைப் பற்றியும் கேட்ட நேரத்தில் அந்த அளவு ஏறியது. பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அதே காட்சிதான். ஒன்றில் பொம்மை இருந்த இடத்தில், மற்றொன்றில் ‘அன்பானவர்’ என்ற சொல் இருக்கிறது.

லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஹோவர்ட், மிரியம் ஸ்டீல் தம்பதியும் ஒரு படி மேலே போனார்கள். முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த சுமார் 100 பெண்களிடம் இந்த நேர்காணலை நடத்தினார்கள். குழந்தை பிறந்து ஒரு வயதானதும் அந்நியச் சூழல் அறைக்கு அழைத்தார்கள். 1991இல் முடிவு வந்தது. நான்கில் மூன்று குழந்தைகள் விஷயத்தில், பிறப்பதற்கு முன் அம்மா பேசிய பேச்சிலிருந்து ஊகித்தது சரியாக இருந்தது. ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றிப் பேசிய விதம், இன்னும் பெயர்கூட வைக்கப்படாத பிள்ளை ஓர் அறையில் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிட்டது. இந்த முடிவை முதலில் படித்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பயத்தைக் குறைக்கிற விஷயங்களும் இருக்கின்றன. 2016இல் 95 ஆய்வு மாதிரிகளிலிருந்து 4,819 பெற்றோர்–குழந்தை இணைகளைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு உண்மைதான், ஆனால் முன்பு நினைத்த அளவு வலுவானதில்லை என்று தெரிந்தது. தொடர்பின் வலுவைக் காட்டும் எண், 1995இல் 0.47 என்று கணக்கிட்டிருந்தது, 0.31 ஆகக் குறைந்திருந்தது. அம்மாவின் பேச்சிலிருந்து குழந்தையின் நடத்தைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. குழந்தையின் சைகையைப் புரிந்து நடந்துகொள்வது அந்த வழியில் ஒரு பகுதியை மட்டும் விளக்குகிறது. ஆக, ஒரு மணி நேரப் பேச்சை வைத்து ஒருவரின் பிள்ளைக்கு ஜாதகம் கணிக்க யாராவது கிளம்பினால் அது இந்தக் கருவிக்குச் செய்கிற துரோகம்.

எனக்கு மிகப் பிடித்திருந்த ஒரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. மூன்றாமவரைப் போன்றவர்களுக்கு, அதாவது கடினமான குழந்தைப் பருவத்தைக் கோர்வையாகச் சொல்கிறவர்களுக்கு, ‘உழைத்துச் சம்பாதித்த’ பிணைப்பு உறுதி என்று ஒரு பெயர் உண்டு. மோசமான தொடக்கத்தைத் தாங்களே கடந்து வந்தவர்கள் இவர்கள் என்பதுதான் அந்த நம்பிக்கை. மினசோட்டாவில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து வந்த ஒரு குழு 2002இல் அவர்களுடைய பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தது. கஷ்டப்பட்டு வளர்ந்ததாகக் கோர்வையாகச் சொன்னவர்களில் பலருக்கு உண்மையில் நல்ல அரவணைப்பு கிடைத்திருந்தது. கஷ்டத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற தெம்பே யாரோ தாங்கிப் பிடித்ததால் வந்ததாக இருக்கலாம். இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நேர்காணல் அளப்பது சொல்லும் விதத்தை என்று மெயின் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். நடந்ததற்கு அது சாட்சி என்று அவர் சொல்லவில்லை.

கோர்வையை வேறு வழிகளிலும் ஆராய்கிறார்கள். டான் மெக்காடம்ஸ் 1985இலேயே, ஒருவர் யார் என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வாழ்க்கைக் கதைதான் என்று புத்தகம் எழுதினார். ஜெர்மனியில் டில்மன் ஹாபர்மாஸ், பிள்ளைகளிடம் தங்கள் வாழ்க்கையின் ஏழு முக்கியச் சம்பவங்களைச் சீட்டில் எழுதி வரிசைப்படுத்தச் சொல்லி, பிறகு முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். எட்டு வயதில் சம்பவங்கள் தனித்தனியாக நிற்கின்றன. ‘அதனால்தான் நான் இப்படி ஆனேன்’ என்று ஒன்றை ஒன்றோடு கோர்ப்பது வளரிளம் பருவத்தில்தான் வருகிறது. இவையெல்லாம் பயனுள்ள வேலைகள். ஆனால் கதை சொல்கிறவருக்கே தெரியாமல் கதை அறுகிற இடத்தைக் கேட்கிற காது மெயினுடைய முறைக்குத்தான் இருக்கிறது.

2023இல் மேரி மெயின் காலமானார். அவருடைய கதையைத் தேடிப் பின்னோக்கிப் போனபோது ஒரு பழைய புத்தகத்தில் போய் நின்றேன். எய்ன்ஸ்வொர்த் 1954இல் கணவரோடு உகாண்டாவுக்குப் போனவர். கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, 26 தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் மாதக்கணக்கில் பார்த்து வந்தார். அந்தக் குறிப்புகள் 1967இல் புத்தகமாயின. எந்தத் தாயின் குழந்தை பத்திரமாக உணர்கிறது என்பதற்கு எது எது சம்பந்தப்படுகிறது என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார். தாய் எவ்வளவு நேரம் குழந்தையோடு இருக்கிறார், பால் கொடுப்பதை எவ்வளவு விரும்புகிறார் என்பன போன்றவை. அவற்றின் நடுவே ஒன்று, தாய் எவ்வளவு நன்றாக விவரம் சொல்கிறார் என்பது. தன் குழந்தையைப் பற்றிக் கேட்டால் கேட்காத சின்னச் சின்ன விவரங்களையும் தானாகவே சொன்ன தாய்மார்களின் குழந்தைகள், நன்கு பிணைந்த குழந்தைகளாக இருந்தன.

மொழியை ஆராய வேண்டும் என்று ஓர் இளம்பெண் கதவைத் தட்டி, குழந்தைகளைப் பார்ப்பதென்றால் வா என்று எய்ன்ஸ்வொர்த் சொன்ன நாட்களில், அந்தப் புத்தகம் வெளிவந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை.